வளையல் பாறையிலிருந்து வந்தவன்

இதில் ஒரு சொல்லைக்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை. பாதியைக் காதால் கேட்டேன், மீதியைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். சந்தேகப்படுகிறவர்கள் தாராளமாக லீ சோன் தீவுக்கு வரலாம். படகுத்துறையில் இறங்கி, “பேர் சொல்லிக் கூப்பிடாத மனுஷன் வீடு எது?” என்று கேளுங்கள். பூண்டு காயவைக்கிற பெண்கள் தலையைக்கூடத் தூக்காமல் கையை நீட்டிக் காட்டுவார்கள்.

அவர் பெயர் துவான். என் அக்காள் கணவர். ஒரு காலத்தில் சொந்தப் படகு வைத்து ஓட்டியவர். இன்று அக்காவை அழைக்க வேண்டுமென்றால் எழுந்து போய்த் தோளைத் தொடுவார். பேத்தி கிணற்றுப் பக்கம் போனால் தகர டப்பாவைத் தட்டுவார். வாயைத் திறந்து ஒருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். இத்தனைக்கும் அந்த நாளில் அவர் ஒரு குரல் கொடுத்தால் பக்கத்துப் படகில் சோறு தின்கிறவனும் கையை உதறிக்கொண்டு எழுந்து நிற்பான்.

அந்தக் குரலுக்கு அசையாத ஒரே ஆள் லாம்தான்.

லாம் அவர் படகில் குளியாள். வாயில் காற்றுக் குழாயைக் கடித்துக்கொண்டு கடலடிக்குப் போய்க் கடல் அட்டை பொறுக்கி வருவான். தண்ணீருக்குள் மீன். மேலே வந்துவிட்டால் மகா சோம்பேறி.

“லாம்!” என்று துவான் கூப்பிடுவார்.

“வர்றேன் அண்ணே!” என்று உற்சாகமாகப் பதில் வரும். ஆள் வரமாட்டான்.

“டேய் லாம்!”

“இதோ வர்றேன் அண்ணே!”

மூன்றாவது தடவை தொண்டை கிழியக் கத்தினால்தான் எழுந்து வருவான், அதுவும் சிரித்துக்கொண்டே. எஞ்சின் பார்க்கிற யாங் சொல்வான்: “எமனே வந்து கூப்பிட்டாலும் இவன் ‘வர்றேன் அண்ணே’ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்குவான்.” படகே சிரிக்கும். துவானும் சிரிப்பார். அவனைத் திட்டுவாரே தவிர, தம்பி மாதிரிதான் வைத்திருந்தார்.

அந்த வருடம் புயல் காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் வளையல் பாறைக்குப் போனார்கள். கடல் வற்றும்போது மட்டும் தலைகாட்டும் பவளப் பாறை அது. வட்டமாக, ஓரிடத்தில் மட்டும் உடைந்திருக்கும். அந்த உடைசல்தான் வாசல். படகு நுழைய முடியாது, எங்கள் மூங்கில் பரிசல் நுழையும். உள்ளே இடுப்பளவு பச்சைத் தண்ணீர். வெளி விளிம்பைத் தாண்டி ஓர் அடி வைத்தால் தரை கிடையாது, நேரே கறுப்பு ஆழம்தான். தெற்கு மூலையில் என்றைக்கோ தரைதட்டிய சரக்குக் கப்பல் ஒன்று துருப்பிடித்துச் சாய்ந்து கிடக்கிறது. வடக்கு மூலையில் இரும்புக் கால்கள் மேல் ஒரு கூடு, அதன் மேல் சுற்றிச் சுற்றி வரும் விளக்கு. அதை நாங்கள் வைக்கவில்லை.

மூன்று நாட்டு வரைபடத்தில் அந்தப் பாறைக்கு மூன்று பெயர். எங்கள் முன்னோர் வைத்த பெயர் எங்களிடம் இருக்கிறது, பாறை வெள்ளைக் கப்பலில் காவல் சுற்றுகிற வேற்று நாட்டுக்காரர்களிடம் இருக்கிறது. எந்த நாட்டுக் கப்பல் என்று எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். செய்தியில் மட்டும் ‘அடையாளம் தெரியாத கப்பல்’ என்று வாசிப்பார்கள்.

அன்று மத்தியானம் லாம் மட்டும் பரிசலில் பாறைக்கு உள்ளே போயிருந்தான். மற்றவர்கள் படகில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சாய்ந்து கிடந்த சரக்குக் கப்பலுக்குப் பின்னாலிருந்து சத்தமே இல்லாமல் வெள்ளைக் கப்பல் வெளியே வந்தது. எடுத்த எடுப்பில் தண்ணீர் பீரங்கி. சுக்கான் அறைக் கண்ணாடி நொறுங்கியது. போன வருடம் பிடிபட்டபோது சோற்றுப் பானையைக்கூட விடாமல் பிடுங்கிக்கொண்டு அனுப்பியவர்கள் அவர்கள்.

“எல்லாரும் கீழே போய்ப் படுங்க!” என்று துவான் கத்தினார். ஆட்கள் மீன் அறைக்குள் குதித்தார்கள். அவர் மட்டும் சுக்கானில் நின்றார்.

திரும்பிப் பார்த்தார்.

லாம் பாறை விளிம்பில் நின்றுகொண்டிருந்தான். முழங்கால் அளவு தண்ணீர். வலது கையைத் தலைக்கு மேலே நேராகத் தூக்கியிருந்தான். கையில் துடுப்பு. கத்தவில்லை, ஓடி வரவில்லை. அண்ணன் பார்த்துவிட்டார், இனி வந்துவிடுவார் என்கிற தைரியத்தில் நின்ற மாதிரி இருந்தது. இரண்டு பேர் கண்களும் சந்தித்தன. அது நிச்சயம் என்று துவான் என்னிடம் சொன்னார்.

அவர் சுக்கானை மேற்கே, ஊர்ப் பக்கம் திருப்பினார்.

வெள்ளைக் கப்பல் கண்ணுக்கு மறைந்த பிறகு யாங் மேலே ஏறி வந்தான். “லாம் எங்கண்ணே?”

யோசிக்கும் முன்பே வாயில் வந்துவிட்டது. “அலை பரிசலைக் கவுத்துருச்சு. என் கண்ணால பார்த்தேன். முங்கினவன் எழும்பல.”

எங்கள் தீவில் கடலில் செத்தவனைக் கொண்டு வராத படகுத் தலைவரை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். உயிரோடு இருக்கிறவனை விட்டுவிட்டு வந்தவர் படகில் நாய்கூட ஏறாது. அந்தப் பயம்தான் பேசியது. உடலாவது கிடைக்குமா என்று இருட்டும் நேரத்தில் திரும்பிப் போனார்கள். வெள்ளைக் கப்பல் வாசலை அடைத்து, விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றது. அதற்குள் ரேடியோவில் புயல் எச்சரிக்கை வந்துவிட்டது. ஊருக்குத் திரும்பினார்கள்.

லாமின் மனைவி லியென் துறையிலேயே நின்றிருந்தாள். அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“நீங்க பார்த்தீங்களா அண்ணே? உங்க கண்ணால?”

“பார்த்தேம்மா.”

“அப்போ அவருக்குக் காத்துக் கல்லறை கட்டணும். பசியோட அலைய விடக் கூடாது.”

கடலோடு போனவனுக்கு எங்கள் தீவில் செய்கிற காரியம் அது. எரிமலைச் சரிவில் களிமண் எடுத்து, முசுக்கட்டைச் செடியின் குச்சிகளை எலும்பாக வைத்து, பூசாரி ஆள் உயரத்துக்கு ஓர் உருவம் செய்வார். கடற்கரையில் நின்று செத்தவன் உயிரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அதில் இறக்குவார்கள். பிறகு அதைப் புதைப்பார்கள். வழக்கமாக ஆள் திரும்பி வருவானா என்று நெடுநாள் காத்திருந்துதான் செய்வது. இங்கே காத்திருக்க என்ன இருக்கிறது? கண்ணால் பார்த்த சாட்சி இருக்கிறதே!

புயல் ஓயட்டும் என்றார்கள். மழை கொட்டித் தீர்த்தது. ஒவ்வொரு ராத்திரியும் துவான் கூரையில் விழும் மழையைக் கேட்டபடி படுத்திருப்பார். அங்கேயும் பெய்யும்... குடிக்கத் தண்ணீர் கிடைத்திருக்கும்... சரக்குக் கப்பலுக்குள் ஒண்டியிருப்பான்... சிப்பி பொறுக்கித் தின்றிருப்பான்... செத்திருப்பான் என்று நினைத்தால் நெஞ்சு வலித்தது. உயிரோடு இருப்பான் என்று நினைத்தால் அதைவிட வலித்தது. மீனவர் சங்கத்தில் ரேடியோ இருந்தது. ‘வளையல் பாறையில் எங்கள் ஆள் இருக்கிறான், யாராவது போய்ப் பாருங்கள்’ என்று ஒரு வரி சொன்னால் போதும். இரண்டு தடவை சங்கத்து வாசல் வரை போனார். இரண்டு தடவையும் நனைந்துகொண்டே திரும்பி வந்தார்.

மழை விட்ட அன்று சாயங்காலம் எல்லோரும் கிழக்குக் கரையில் கூடினோம். களிமண் உருவத்தைப் பலகையில் கிடத்தி, லாமின் நீலச் சட்டையை அதற்குப் போட்டிருந்தார்கள். பூசாரி ஊதுவத்தியை ஏற்றிக்கொண்டே கேட்டார்:

“அவனைக் கடைசியாப் பார்த்தது யாரு?”

எல்லோரும் துவானைப் பார்த்தார்கள்.

“அப்போ நீதான் கூப்பிடணும். உன் குரல்தான் அந்த உயிருக்கு அடையாளம் தெரியும்.”

“எனக்குத் தொண்டை சரியில்லீங்க ஐயா.”

“அந்தத் தொண்டையா?” என்றான் யாங். அழுது வீங்கிய முகத்தோடு சிரிக்கப் பார்த்தான். “நீங்க கூப்பிட்டாத்தான் அண்ணே அந்தச் சோம்பேறி எழும்புவான்.”

லியென் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. துவான் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். கடலில் முழங்கால் வரை இறங்கி நின்றார்.

கம்பத்தில் கட்டியிருந்த ஊர் ஒலிபெருக்கி தன்பாட்டுக்கு வானிலை வாசித்துக்கொண்டிருந்தது. புயல் லாவோஸ் மலைப் பக்கம் போய்க் கரைந்துவிட்டது என்றது. எங்களுக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது.

“லாம்! வீட்டுக்கு வா!”

ஒன்றுமில்லை. அலை மட்டும் வந்து போனது.

“லாம்! வீட்டுக்கு வா!”

ஊதுவத்திப் புகை கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது. அப்படியே நின்றது. பிறகு கடலைப் பார்த்துத் திரும்பிப் போனது. காற்று மாறவில்லை. என் சட்டை இன்னும் பின்பக்கமாகத்தான் படபடத்துக்கொண்டிருந்தது.

“லாம்! வீட்டுக்கு வாடா!”

அலைச் சத்தம் நின்றது. அதை எல்லோரும் கவனித்தோம். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் துவான் சட்டென்று ஓர் அடி பின்னால் வைத்ததைப் பார்த்தேன்.

அவருக்குக் கேட்டது. வெகு தூரத்திலிருந்து, ஆனால் தெளிவாக. எப்போதும் போல உற்சாகமாக...

“வர்றேன் அண்ணே!”

“வந்துட்டான்,” என்றார் பூசாரி, புகையைப் பார்த்துவிட்டு. “தூக்குங்க.”

விடிந்ததும் புதைப்பதாக ஏற்பாடு. உருவத்தை லாமின் வீட்டுக் கூடத்தில் வைத்தார்கள். “நீங்கதானே அண்ணே கடைசி வரைக்கும் கூட இருந்தீங்க, இன்னிக்கும் கூட இருங்க,” என்று லியென் சொல்லிவிட்டாள். மறுக்க முடியுமா? பெண்கள் பின்கட்டில் கஞ்சி காய்ச்சினார்கள். நான் முற்றத்தில் மூங்கில் பிளந்துகொண்டிருந்தேன். கூடத்தில் துவான் தனியாக உட்கார்ந்தார். அப்போதெல்லாம் தீவில் ராத்திரி பதினொரு மணி வரைதான் மின்சாரம். தலைக்கு மேல் ஒரு மஞ்சள் பல்பு எரிந்தது.

எட்டரை மணி இருக்கும். உருவத்தின் வலது கை உடம்பை விட்டுக் கொஞ்சம் விலகியிருந்தது. பூசாரி இரண்டு கையையும் விலாவோடு ஒட்டித்தான் வைத்திருந்தார். மண் காய்கிறது போல என்று நினைத்துக்கொண்டு துவான் அதை அழுத்தி வைத்தார். குளிர்ந்திருந்தது. விரல் நுனிகள் சுருங்கியிருந்தன. நெடுநேரம் தண்ணீரில் ஊறிய கை அப்படித்தான் இருக்கும்.

பத்து மணிக்கு அந்தக் கை நெஞ்சுக்கு மேலே இருந்தது. சட்டையின் அக்குள் தையல் இழுபட்டு நின்றது.

பூசாரியைக் கூப்பிட்டார். அவர் எரிச்சலோடு வந்தார். “ஈர மண்ணுப்பா. உள்ளே குச்சி காயக் காய முறுக்கிக்கும். எத்தனை செஞ்சிருக்கேன்! போய்க் கஞ்சி குடி.” கையைக் கீழே இழுத்து, வெள்ளை நூலால் இறுக்கிக் கட்டிவிட்டுப் போனார்.

துவான் கஞ்சி குடிக்கப் போகவில்லை. அந்த நூல் முடிச்சையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

டக்...

டக்...

பலகைக்குக் கீழே ஏதோ சொட்டியது. நீலச் சட்டை நனைந்திருந்தது. காலையில்தான் துவைத்துக் காயவைத்த சட்டை. தரையில் சின்னக் குட்டையாகத் தண்ணீர் தேங்கி அவர் காலைத் தொட்டது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

உப்பு.

தண்ணீரோடு ஏதோ நெருடியது. அரிசி அளவு வெள்ளைத் துணுக்குகள். பவளம்.

டப்.

நூல் அறுந்தது.

அவர் பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தார். பார்த்தார்.

கை தலைக்கு மேலே நேராக நீண்டிருந்தது. பிடித்திருந்த துடுப்பு மட்டும்தான் இல்லை. லாம் அப்படி நின்றது உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும்.

மணி பதினொன்று.

பல்பு அணைந்தது.

இருட்டு...

சொட்டுகிற சத்தமும் நின்றது.

“லாம்...” என்றார் துவான். “உன்னைப் பார்த்தேண்டா. பார்த்துட்டுத்தான் போனேன். பயந்துட்டேன்... என்னை மன்னிச்சிடுடா...”

காதோரத்தில் குளிர்ந்த மூச்சு பட்டது. பாசி வாசனை.

“கூப்பிட்டீங்கல்ல அண்ணே...”

கோபமே இல்லாத குரல்.

“வந்துட்டேன்.”

அவர் அலறினாரா என்று கேட்டேன். அலறவில்லையாம். அலறியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றார்.

கதவுப் பக்கம் வெளிச்சம் வந்தது. லியென் மண்ணெண்ணெய் விளக்கோடு நின்றாள். “யார்கிட்ட பேசிட்டிருந்தீங்க அண்ணே?”

துவான் திரும்பிப் பார்த்தார். உருவத்தின் கைகள் விலாவோடு ஒட்டியிருந்தன. நூல் கட்டியபடியே இருந்தது. சட்டை காய்ந்திருந்தது. தரையில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

“யாருமில்லம்மா,” என்றார். அந்த நேரத்திலும் அவர் உண்மையைச் சொல்லவில்லை. அதுதான் இன்றைக்கும் அவரைத் தின்கிறது.

விடிந்ததும் உருவத்தைக் கிடத்திய பெட்டியைத் தூக்க நான் ஒரு பக்கம் தோள் கொடுத்தேன். மண்ணும் குச்சியும்தானே, நாலு பேர் போதும் என்று குனிந்தோம். அசையவில்லை. ஆறு பேர் தூக்கினோம். எனக்கு இரண்டு நாள் தோள் வலித்தது. பூசாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதன் பிறகு துவான் கடலுக்குப் போகவில்லை. படகை விற்றார். லியென் வீட்டுப் பூண்டு வயலுக்கு மண் சுமந்தார், கூரை மாற்றினார், கிணறு தூர் வாரினார். ஊரே மெச்சியது. அவருக்கு அந்த மெச்சல்தான் முள்ளாகக் குத்தியது.

அடுத்த வசந்தத்தில் ஒரு நாள் அந்த வீட்டில் வேலி கட்டிக்கொண்டிருந்தோம். வெளியூர் ஆள் ஒருவன் உள்ளே வந்தான். பெயர் சான், அக்கரையில் பின் சௌ ஊர்க்காரன். வெள்ளைக் கப்பல் பிடித்துப் போய், பல மாதம் அடைத்து வைத்து, அப்போதுதான் விட்டிருக்கிறார்கள். முகம் வற்றிப் போயிருந்தது. கையில் ஒரு துடுப்பு.

“லாம் வீடு இதுதானுங்களா?”

லியென் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். துவான் துடுப்பையே பார்த்தார். அதன் கைப்பிடியில் அவர் படகின் சிவப்புப் பட்டை இருந்தது.

“எல்லாத்தையும் பிடுங்கினவங்க இந்தக் கட்டையை மட்டும் விட்டுட்டாங்க. உங்ககிட்ட சேர்த்துடணும்னுதான் வந்தேன்,” என்றான் சான். “எங்க படகை அவங்க பிடிக்கிறதுக்கு முந்தின நாள். புயல் அப்பத்தான் ஓஞ்சிருந்துச்சு, வெள்ளைக் கப்பல் கிளம்பிப் போயிருந்துச்சு. நாங்க வளையல் பாறைக்குப் போனோம். அந்தத் துருக் கப்பல் மேல ஒரு ஆள் நின்னு துடுப்பை ஆட்டறார். ‘லீ சோன்! லாம்!’னு கத்தறார். மெலிஞ்சு போயிருந்தார், ஆனா நல்லா இருந்தார். பரிசலைப் புயல் அடிச்சிட்டுப் போயிருச்சாம், மழைத் தண்ணியும் சிப்பியும்தானாம் அத்தனை நாளும்.”

லியென் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“நான் பரிசலை ஓட்டிட்டுப் பாறை விளிம்புக்குப் போனேன். அவரும் இறங்கி நடந்து வந்தார். துடுப்பை முதல்ல எங்கிட்ட நீட்டினார். ‘எங்க அண்ணன் படகோடது, தொலைச்சா திட்டுவார்’னு சொல்லிச் சிரிச்சார். வாங்கிப் போட்டுட்டுக் கையை நீட்டினேன். என் விரல் அவர் விரல்ல பட்டுது... அந்த நேரம் எங்க படகு ரேடியோல புயல் லாவோஸ் மலைல போய்க் கரைஞ்சிருச்சுன்னு சொல்லிட்டிருந்தான். அவர் சட்டுன்னு மேற்கே திரும்பினார்.”

சான் துடுப்பின் சிவப்புப் பட்டையைத் தடவினான்.

“அங்க ஒண்ணுமில்ல. சூரியன் மட்டும்தான் இறங்கிட்டிருந்துச்சு. ‘ஏறுங்க’ன்னேன். காதுல விழல. ரெண்டு தடவ தலையைச் சாய்ச்சு எதையோ கேட்டார். மூணாவது தடவ முகமெல்லாம் மலர்ந்துருச்சு. ‘வர்றேன் அண்ணே!’ன்னார். சொல்லிட்டு விளிம்பைத் தாண்டி அடி எடுத்து வச்சார். தெருவுல நடக்கற மாதிரி. இருட்டற வரைக்கும் தேடினோம்... ஆள் எழும்பவே இல்ல.”

வேலி மூங்கில் துவானின் கையிலிருந்து விழுந்தது.

சான் துடுப்பை லியென் பக்கத்தில் வைத்தான். “ரொம்ப நாளா மனசுல உறுத்திட்டே இருக்கு, அதனால கேக்கறேன். தப்பா நினைக்காதீங்க. அவருக்கு அண்ணன் யாராவது இருக்காங்களா?”

லியென் துவானை நிமிர்ந்து பார்த்தாள். துடுப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“கூடப் பிறந்தவங்க யாருமில்ல,” என்றாள்.